பச்சை பீரோ

அத்தியாயம் 11

ஒரே ஒரு பிள்ளை. மலையிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைக் கொண்டு வந்து சேர்த்துவிட்டால் போதும் என்று காலேஜ் நிர்வாக அதிகாரியான ஏ.ஓ. இளமாறன் போன வாரம் பேனாவை ஆட்டியபடி சொன்னாரே, அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் இன்றைக்கு நைனார்பாளையத்தில் சேவியர்ராஜின் வீடு விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டது.

நாளைக் காலை அவர் மகள் பிரின்சி கடலூரில் இருக்க வேண்டும். அங்கே ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. கையில் அசல் சான்றிதழ்களோடு போனால் வேலை. இல்லாமல் போனால், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் நிற்கும் அந்தப் பெரிய கட்டடத்தில், ஏ.ஓ. அறையின் மூலையில், பச்சை பீரோவுக்குள்.

அந்தக் கட்டடத்தின் போர்டில் 'பல்கலைக்கழகம்' என்று எழுதி வருஷங்கள் ஆகின்றன. ஊரார் வாயில் இன்னமும் அது 'காலேஜ்'தான். வேலைக்குச் சேரும் ஆசிரியர் எவரும் முதல் நாளே பட்டம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துவிட வேண்டும். அது அங்கே சட்டமும் இல்லை, ரகசியமும் இல்லை. வழக்கம்.

பிரின்சியின் சான்றிதழ்களை அந்த பீரோவில் வைத்தவர் யார்? அவளைப் பெற்ற அப்பாவேதான். சேவியர்ராஜ் அந்தக் காலேஜில் வேன் டிரைவர். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், அவள் பட்டத்தையெல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டு, இரண்டு கையாலும் கொண்டு போய்க் கொடுத்தார். 'வூட்ல எலி கடிக்குது சார், மழ பேஞ்சா ஒழுகுது. உங்க பீரோல இருந்தா பத்திரம்' என்று சொல்லி நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார். பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தப் பத்திரம் இன்று அவர் தொண்டையில் நிற்கிறது.

"இன்னாங்க, லைசென்ஸ்."

அவர் மனைவி ஆனந்தமேரி மாதா படத்துக்கு முன்னாலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். தினமும் இது நடக்கும். சாயங்காலம் காக்கிச் சட்டையை ஊற வைக்கும் முன் அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மாதாவிடம் வைப்பாள். காலையில் சிலுவை போட்டு எடுத்துக் கொடுப்பாள். மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அவள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அவ்வளவுதான்.

சேவியர்ராஜ் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். உள்ளே பிரின்சி சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டியபோது அவள் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே வீங்கி, நரம்பு நீலமாகத் தெரிந்தது.

காலேஜில் வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடக்காது என்பது சேர்மனின் கண்டுபிடிப்பு. காலையில் விரல் வைக்கும் மெஷினில் ஆரம்பித்து, சாயங்காலம் மறுபடியும் விரல் வைக்கும் வரை நின்றபடியே இருக்க வேண்டும். நிற்கிறார்களா என்று பார்க்க கேமரா வேறு. வயிற்றில் பிள்ளையோடு ஒரு டீச்சர் ஜன்னல் திட்டில் சாய்ந்ததற்கு மெமோ வந்தது. அந்த டீச்சர் மறு வாரமே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். பட்டத்தைக்கூடக் கேட்கவில்லை.

இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போய், இயற்பியல் துறையில் பிரின்சியும் இன்னொருவரும்தான் மிச்சம். ஆனால் துறை வாசலில் பெயர்ப் பலகைகள் மட்டும் எல்லாருக்கும் தொங்குகின்றன. ஆய்வுக் குழு வந்தால் எண்ணிக் காட்ட வேண்டுமே!

"ராத்திரிக்கு சுடுதண்ணி போட்டு வைக்கிறேன், கால நனைச்சுக்கோ" என்றாள் ஆனந்தமேரி. "நாளைக்கு இந்நேரம் நீ கடலூரு பஸ்ல இருப்ப."

"கெடைச்சா பாக்கலாம்மா."

"கெடைக்கும். உங்கப்பா கூட வராரு இல்ல?"

சேவியர்ராஜ் வேன் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

*

கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேன் மலைப்பக்கம் திரும்பியது.

போன வருஷமெல்லாம் இந்த வேனில் இடம் இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆசிரியர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ஊர் ஊராக அனுப்புவார்கள். பாடம் எடுப்பவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நோட்டீஸ் கொடுத்து, 'எங்க காலேஜ்ல சேருங்க' என்று கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு டார்கெட். மலைப் பிள்ளைகள் என்றால் நிர்வாகத்துக்குக் கூடுதல் பிரியம். அவர்களுக்கு அரசாங்கமே உதவித்தொகை கொடுத்துவிடுகிறது, பீஸ் பாக்கி என்ற பேச்சே வராது.

பிரின்சியோடு வர வேண்டிய இரண்டு பேரும் சித்திரை பிறப்பதற்குள் வேலையை விட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கு வேனில் அப்பாவும் மகளும் மட்டும். பிரின்சி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதுவும் வழக்கம்தான். காக்கி மாட்டிவிட்டால் சேவியர்ராஜுக்கு அவள் மகள் இல்லை, மேடம். காலேஜுக்குள் உறவு கொண்டாடக் கூடாது என்று முதல் வாரமே யாரோ சொல்லிவிட்டார்கள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். பெருமையும் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற மகளை மேடம் என்று கூப்பிடும் பாக்கியம் எத்தனை டிரைவருக்குக் கிடைக்கும்?

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன.

"அப்பா."

"சொல்லுங்க மேடம்."

"இங்க யாரும் இல்லப்பா. பாப்பான்னே கூப்புடுங்க."

அவர் கண்ணாடியில் பார்த்தார். "பழகிப் போச்சு. சொல்லு பாப்பா."

"நான் எந்த மொகத்த வெச்சுக்கினு ஒரு புள்ளைய வந்து சேருன்னு கூப்புடறது? நானே ஓடிக்கினு இருக்கேன். பாடம் எடுக்க ஆளில்லாத எடத்துக்கு அதக் கொண்டு போய்த் தள்ளிட்டு, அதுக்குக் கூலியா என் சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போகணும். அப்படித்தானே?"

சேவியர்ராஜ் கியரை மாற்றினார். ஏற்றம் என்பதால் மாற்ற வேண்டியும் இருந்தது.

"நீ போனா புது ஆள் போடுவாங்க."

"போன ஆளுங்க எடத்துக்குப் போட்டாங்களா?"

வெள்ளிமலைக்கு இன்னும் தூரம் இருந்தது. ஜன்னல் வழியே சில்லென்று காற்று வந்தது. கீழே கொளுத்திய வெயில் இங்கே தெரியவில்லை. பள்ளிக்கூட லீவில் உறவுக்காரர்களோடு சுற்றிப் பார்க்க வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தபடி தாண்டிப் போனது.

*

அவர்கள் தேடிப் போன பிள்ளையான சுபஸ்ரீயின் வீடு வெள்ளிமலையைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து மண்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. அரசு கட்டிக் கொடுத்த சின்ன வீடு. பக்கத்தில் மரவள்ளிக் காடு. அவள் அம்மா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள். அப்பா சின்னதுரை வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு எழுந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. காலேஜ்லருந்து ஆள் வருதுன்னு போன்ல சொன்னாங்களே, நீங்கதானா? உள்ள வந்து குந்துங்க."

இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் பிரின்சிக்குப் போட்டார். அவள் தயங்கி உட்கார்ந்தாள். சேவியர்ராஜ் கதவோரம் சாவியோடு நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து ஓடிவந்த பெண், பிரின்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ்! நீங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தீங்க இல்ல? கண்ணாடிக் கட்டைய வெயில்ல புடிச்சு சுவத்துல வானவில் காட்டுனீங்க. நான்தான் மிஸ் கைய நீட்டுனேன். என் கையில கூட விழுந்துச்சு."

பிரின்சிக்கு ஞாபகம் வந்தது. அவள் முகமும் ஒரு நிமிஷம் மலர்ந்தது. வீட்டில் கூட இப்போதெல்லாம் பார்க்க முடியாத முகம். சேவியர்ராஜ் அதைப் பார்த்துவிட்டு, வெளியே மரவள்ளிச் செடியைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

"அதுலருந்து பிசிக்ஸ் பிசிக்ஸ்னு ஒரே பேச்சு" என்றார் சின்னதுரை. "மார்க்கும் நல்லாத்தான் வாங்கி வெச்சிருக்குது. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. திருப்பூரு கம்பெனி வேன் திங்கக்கெழம வருதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். பக்கத்து வூட்டுப் புள்ளைங்க ரெண்டு கெளம்புதுங்க."

"நான் போவல" என்றாள் சுபஸ்ரீ வெடுக்கென்று.

பிரின்சி மெல்லக் கேட்டாள். "கவர்மென்ட் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டியாம்மா?"

"போட்டேன் மிஸ். அடுத்த வாரம் கவுன்சிலிங்குக்குக் கூப்புட்டிருக்காங்க. ஒரிஜினல் எடுத்துக்கினு வரணுமாம்."

மகள் எந்தப் பக்கம் போகிறாள் என்று சேவியர்ராஜுக்குத் தெரிந்துவிட்டது. இவள் அடுத்ததாக, அங்கேயே போ, அதுதான் உனக்கு நல்லது என்று சொல்லப் போகிறாள். சொல்லட்டும், அதுதானே நியாயம் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. நீலம் பாரித்த அந்தக் கணுக்கால் இன்னொரு பக்கம் கண்ணில் நின்றது.

"அங்க ஹாஸ்டல் கெடைக்குமோ கெடைக்காதோ" என்றார் சின்னதுரை. "பொம்பளப் புள்ள. தெரிஞ்ச மனுஷங்க ஒருத்தரும் இல்ல. உங்க காலேஜ்னா நீங்க இருக்கீங்கன்னு இது சொல்லிக்கினே இருக்குது. அதான் எனக்கும் ஒரு தைரியம்."

சுபஸ்ரீ பிரின்சியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே மிஸ் எனக்குப் பாடம் எடுப்பீங்க?"

பிரின்சி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். ஆறு வருஷம் வகுப்பில் பேசிய வாய்.

"சுபஸ்ரீ... நான் வந்து..."

"எடுப்பாங்கம்மா!"

சொன்னது சேவியர்ராஜ். குரல் அவருக்கே சத்தமாகக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம்தான் எடுப்பாங்க. மூணு வருஷமும் அவங்கதான். மேடம் எங்கியும் போ மாட்டாங்க."

பிரின்சி அவரைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டார்.

சின்னதுரை டிரைவரை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். படித்தவர்கள் பேசுவதைவிட, தன்னைப் போல் வெயிலில் காய்ந்த ஒரு மனிதன் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை வந்தது போலிருந்தது. எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ஏங்க, உங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்குதா?"

"இருக்குது."

"நான் தப்பாக் கேக்கல. உங்க புள்ளைய நீங்க அந்தக் காலேஜுக்கு அனுப்புவீங்களா?"

பலாச்சுளையில் ஈ மொய்த்தது.

"அனுப்பிட்டேங்க" என்றார் சேவியர்ராஜ். "என் புள்ள அங்கதான் இருக்குது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அப்படி வலித்தது.

சின்னதுரைக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே போய், இரும்புப் பெட்டியைத் திறந்து, மார்க் ஷீட்டும் டி.சி.யும் சாதிச் சான்றிதழும் இருந்த கவரை எடுத்து வந்தார். அதைப் பிரின்சியிடம் கொடுக்கவில்லை. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேவியர்ராஜிடம் நீட்டினார்.

"இங்க கரையான் தொல்ல ஜாஸ்திங்க. உங்க ஆபீஸ்ல இருந்தா பத்திரம்."

*

மலையிலிருந்து இறங்கும்போது, சின்னதுரை கட்டாயப்படுத்திக் கொடுத்த பலாச்சுளைப் பை பிரின்சியின் பக்கத்துச் சீட்டில் மணத்துக்கொண்டே வந்தது.

அணை கண்ணில் பட்டதும், "வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

இறங்கி, ரோட்டோரம் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை, வெறும் ஓங்கரிப்பு. சேவியர்ராஜ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஏம்ப்பா சொன்னீங்க?"

"உன்னால சொல்ல முடியல."

"என்னால சொல்ல முடியலன்னா சொல்லக் கூடாதுன்னு அர்த்தம்ப்பா! அது கவர்மென்ட் காலேஜுக்குப் போயிருக்கும். நல்ல வாத்தியாருங்க இருக்காங்க. ஒக்காந்து பாடம் எடுப்பாங்க, நின்னு எடுப்பாங்க, எப்படியோ எடுப்பாங்க. நம்ம காலேஜ்ல அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

"திருப்பூருக்கு அனுப்பியிருந்தா?"

"அனுப்பியிருக்க மாட்டாரு. உங்களுக்கும் அது தெரியும்."

தெரியும்தான். சேவியர்ராஜ் பாட்டில் மூடியைத் திருகினார், மறுபடி திறந்தார்.

"திரும்பிப் போயிக் குடுத்துட்டு வந்துடலாம்ப்பா."

"சரி. போலாம்." அவர் உடனே சொன்னார். "வண்டியத் திருப்பறேன். நாளைக்குக் கடலூரு?"

பிரின்சி அணைத் தண்ணீரைப் பார்த்தாள். அவள் பதிலுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பு என்று சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது, சொல்லிவிடப் போகிறாளே என்றும் இருந்தது. ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு நிலைமை வர வேண்டாம்.

ஒரு பஸ் போயிற்று. பின்னால் ஒரு டிராக்டர் போயிற்று.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேனில் ஏறினாள். இந்த முறை பின்னால் போகவில்லை. முன் சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சுபஸ்ரீயின் கவரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாம்ப்பா" என்றாள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை. வண்டி கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கியது.

*

ஏ.ஓ. இளமாறன் கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "வெரி குட் மேடம். மலையிலருந்தே புடிச்சுட்டீங்க. நீங்க போயி விரல் வெச்சுட்டு வாங்க, மெஷின் ஆஃப் பண்ணிடுவாங்க. அப்புறம் ஆப்சென்ட்டுன்னு விழுந்துடும்."

"சார், என் சர்டிபிகேட்..."

"போயிட்டு வாங்களேன். அப்பா இருக்காரு இல்ல?"

பிரின்சி போனதும் இளமாறன் கதவைச் சாத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. மனுஷன் களைத்துப் போயிருந்தார்.

"சேவியர், நான் குடுக்கறேன்னு சொன்னது நெசம். குடுக்காம இருக்க மாட்டேன். ஆனா மேடம் போனதும் சேர்மன் என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு. ஏன்யா ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான், நீ இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

நாற்காலி போட்டா நிப்பாங்க சார் என்று சேவியர்ராஜுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது.

"ரெண்டு டிரைவர் வேற சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டானுங்க. மகளுக்குக் கடலூர்ல வேலன்னா, நாளைக்கு நீங்களும் அங்கியே ஒரு ஸ்கூல் பஸ்ஸப் புடிச்சுக்கினு போய்டுவீங்க. மாட்டீங்களா?"

"நான் எங்க சார் போவப் போறேன்?"

"வாயால சொன்னா சேர்மன் கேக்க மாட்டாரு. இங்க ஆள் நிக்கணும்னா பீரோல ஏதாவது நிக்கணும்." இளமாறன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ஹெவி லைசென்ஸ வெச்சுட்டுப் போங்க."

சேவியர்ராஜுக்கு முதலில் புரியவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குப் போயிற்று.

"சார், வண்டி ஓட்டறதுக்கு..."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரேன். செக்கிங்ல புடிச்சா எனக்குப் போன் பண்ணுங்க."

"எவ்ளோ நாளைக்கு சார்?"

இளமாறன் சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். சேவியர்ராஜ் அதன் உள்பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை. தட்டுத் தட்டாகக் கவர்கள். மேலே பெயர்கள். கணக்கு வாத்தியார் வெங்கடேசன், வேலையை விட்டுப்போய் மாசாமாசம் கேட்டு வந்து கேட் வரைக்கும் நின்றுவிட்டுப் போகிறவர், அவர் பெயரும் இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு போன அந்த டீச்சரின் பெயரும் இருந்தது.

"பாக்கறீங்களா? அடித்தட்டுல கடைசியா இருக்குது பாருங்க, அது என்னோடது" என்றார் இளமாறன். "நான் கேக்கறதையே விட்டுட்டேன்."

இவரைத் திட்டலாம் என்று சேவியர்ராஜ் போன வாரம் முழுக்க நினைத்திருந்தார். இப்போது திட்டுவதற்கும் ஆள் இல்லை.

பொத்தானைக் கழற்றினார். ஆனந்தமேரி சிலுவை போட்டுக் கொடுத்த உறை சட்டைப் பையின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மேஜை மேல் வைத்தார். மகளின் கவர் அவர் கைக்கு வந்தது. பழைய ஜவுளிக்கடைப் பையோடு, கொடுத்தபடியே இருந்தது. அது இருந்த இடத்தில் சுபஸ்ரீயின் கவரையும் லைசென்ஸையும் வைத்து இளமாறன் பீரோவைப் பூட்டினார்.

"மேடத்துகிட்ட சொல்லாதீங்க" என்றார் சேவியர்ராஜ். "உங்களக் கும்புட்டுக் கேக்கறேன் சார்."

*

சாயங்காலம் வீட்டில் ஆனந்தமேரி சொன்னபடியே வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். உப்புப் போட்ட அலுமினியக் குண்டானில் காலை வைத்தபடி பிரின்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சான்றிதழ்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவள் பாடுபடுவது தெரிந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன் இல்ல?" ஆனந்தமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருஷமா எம்புள்ளையக் கொன்னானுங்க. மாதா கண்ணத் தொறந்துட்டா."

"எப்படிப்பா குடுத்தாரு?" என்றாள் பிரின்சி. "நான் திரும்பி வந்தப்ப நீங்க கவரோட வெளிய நிக்கறீங்க. ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டேன். குடுத்துட்டாரு."

"அவ்ளோ சுளுவாவா?"

"எல்லாரும் கெட்டவங்க இல்ல பாப்பா."

காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைலிக்கு மாறினார். உடம்பு லேசானது போல இருந்தது, பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. மலையிலிருந்து வரும் அழைப்பு, விட்டு விட்டுக் கேட்டது.

"அண்ணே, நான் சுபஸ்ரீ பேசறேன். அப்பா உங்க நம்பர்தான் வாங்கி வெச்சிருந்தாரு. மிஸ்கிட்ட சொல்லிடறீங்களா? நாளைக்கு மொத பஸ்ஸுலயே வரோம். மிஸ் காலேஜ் கேட்டுகிட்ட நிப்பாங்களான்னு அப்பா கேக்கச் சொன்னாரு."

சேவியர்ராஜுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கு முதல் பஸ் நேரத்தில் அவர் மகளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பார். அதற்கப்புறம் காலேஜ் கேட்டில் காக்கி போட்டு நிற்கப் போவது அவர்தான். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் பையோடு இறங்கி முதலில் பார்க்கப் போவதும் அவரைத்தான். மறு நாளும், மறு வாரமும் அப்படித்தான்.

"அண்ணே? கேக்குதா?"

"குடுங்கப்பா."

பிரின்சி எழுந்து வந்திருந்தாள். ஈரக்கால் தடம் தரையெல்லாம் பதிந்தது. அவர் கொடுக்கவில்லை, அவளே வாங்கிக்கொண்டாள்.

"சுபஸ்ரீ, நான் மிஸ் பேசறேன். நல்லாக் கேளும்மா. நாளைக்கு நான் அங்க இருக்க மாட்டேன். இன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்." அவள் குரல் உடைந்தது. அப்பாவைப் பார்க்காமல் பேசினாள். "நீ அங்க வராத. அடுத்த வாரம் கவர்மென்ட் காலேஜ் கவுன்சிலிங்குக்குப் போ. ஹாஸ்டலுக்கு நான் ஆளப் புடிச்சு சொல்றேன். கேக்குதாம்மா?"

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்போது அந்தக் குரல் கேட்டது, சேவியர்ராஜுக்கும் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"சரிங்க மிஸ். அப்ப எங்க சர்டிபிகேட்ட அந்த டிரைவர் அண்ணன்கிட்டக் குடுத்தனுப்புறீங்களா?"

பிரின்சி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில நீங்க போயி அந்தப் புள்ளையோடதத் திருப்பிக் கேளுங்க. குடுக்கலன்னா வேலைய விட்டுட்டு வந்துடுங்க. உங்களுக்கு வேற எடமா கெடைக்காது? லைசென்ஸ் இருக்குது இல்ல?"

சேவியர்ராஜ் வாயைத் திறந்தார். காலையில் மகளுக்கு வராத வார்த்தை, இப்போது அவருக்கும் வரவில்லை.

பின்பக்கத்தில் ஆனந்தமேரி சட்டையை ஊற வைக்க ஆணியிலிருந்து எடுத்திருந்தாள். மேல் பைக்குள் கையை விட்டாள். கீழ்ப் பையையும் பார்த்தாள். சட்டையை உதறினாள். ஒரு சீப்பு விழுந்தது, ஜெபமாலை விழுந்தது, மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்று விழுந்தது. அதைப் பிரித்தபடி உள்ளே வந்தாள்.

"இன்னாங்க, இது வெறும் தாளு. லைசென்ஸ் எங்க?"